கப்பல் ஆபீஸில் அம்மா

ஐம்பத்தாறு வயதில் நான் சினிமாவில் நடித்தேன் என்று சொன்னால், என்னோடு வேலை செய்பவர்களே சிரிக்கிறார்கள். பெரிய சினிமா இல்லை. பதினெட்டு நிமிடக் குறும்படம். அதில் ஆறு நிமிடம் நான் வருகிறேன். அந்த ஆறு நிமிடத்தால் எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவில் இத்தனை வருஷம் யாரும் தொடாமல் கிடந்த ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது.

எனக்கு வீடு கடலூர் முதுநகரில். வேலை அண்ணாமலை நகரில், மாணவியர் விடுதி ஒன்றின் அலுவலகத்தில். காலையில் ஜங்ஷனில் பாசஞ்சர் பிடித்து, சிதம்பரத்தில் இறங்கி நடந்தே போய்விடுவேன். இருபத்தெட்டு வருஷமாக இதே ஓட்டம். விடுதிப் பிள்ளைகளுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். குரல் அப்படி. தாழ்த்திப் பேச எனக்கு வராது.

தை கடைசியில் ஒரு நாள், சாம்பாரில் பல்லி கிடந்தது என்று பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள். மெஸ் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் போன பிறகு ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். முதுகலை இரண்டாம் வருஷம். திட்டக்குடிப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். கையில் எப்போதும் ஒரு கேமரா இருக்கும்.

"மேடம், நான் ஒரு படம் எடுக்குறேன். அதுல ஒரு அம்மா கேரக்டர் இருக்கு. நீங்க பண்றீங்களா?"

"இன்னா கேரக்டர்?"

"கோவமா பேசணும் மேடம். இப்ப பேசுனீங்கல்ல, அப்டியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை உட்கார வைத்துக் கதையைக் கேட்டேன். பங்குனியில் எங்கள் முதுநகரில் மூன்று நாள் ஒரு விழா வைக்கிறார்கள், அதில் காட்டத்தான் இந்தப் படம் என்றாள். அந்த விழா எனக்குத் தெரியும். அதை நடத்துகிறவர் எங்கள் தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோக்காரர்; என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர். வீடு வீடாகப் போய்ப் பழைய துறைமுகப் படங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். உப்பனாற்றங்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கை, சொந்தக்காரரிடம் கெஞ்சித் திறக்க வைத்திருந்தார். முதல் நாள் படக் கண்காட்சி, இரண்டாம் நாள் சாயங்காலம் குறும்படங்கள், மூன்றாம் நாள் காலையில் பழைய தெருக்களைச் சுற்றி நடை. இதுதான் திட்டம்.

அந்தப் பெண் எழுதி வைத்திருந்த கதை கடலில் புருஷனைத் தொலைத்த ஒரு பொம்பளையைப் பற்றியது. கேட்டதும் எனக்குச் சரிப்படவில்லை.

"எங்க ஊரு துறைமுகத்துல கப்பல் கரைக்கே வராதும்மா. நடுக்கடல்ல நிக்கும். இங்கேருந்து படகுல ஆளுங்க போயி மூட்டைய எறக்கிகிட்டு வருவாங்க. எங்கப்பா அந்த வேலதான் பாத்தாரு" என்றேன்.

பிறகு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அம்மா கதையையும் சொன்னேன். நான் வயிற்றில் இருந்தபோது நடந்தது. ஒரு ஐப்பசியில் உரக் கப்பல் வந்து நின்றது. மூட்டை இறக்கப் போன அப்பாவின் படகு திரும்பி வரவில்லை. திடீரென்று புயல். இரண்டு நாளாகத் தகவல் இல்லை. மூன்றாம் நாள் அம்மா, நிறைமாத வயிற்றோடு கப்பல் ஆபீஸுக்குப் போனாள். கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு அலுவலகத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அங்கே வாசலில் நின்று குமாஸ்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "மூட்ட நனைஞ்சா ஓடியாறீங்க. ஆளு காணோம்னா கதவ சாத்துறீங்களா?" அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவர்கள் பதில் சொன்னார்கள். அப்பா உயிரோடு வந்து சேர்ந்தார்.

இதை எனக்குச் சொன்னது என் சித்தி. அம்மா தன் வாயால் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் யாராவது என்னைப் பார்த்து 'உனக்கு எங்கேருந்து இந்தக் குரல் வந்துச்சி' என்று கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெண் தன் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு என் கதையை எழுதினாள்.

நான் நடிக்கப்போவதைக் கேட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சிரித்தார். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "நடி, நடி. டிக்கெட்டு வாங்காம வீட்லயே பாத்துகிட்டு இருந்தேன், இனிமே ஊரும் பாக்கட்டும்" என்றார். அண்ணனிடம் போனில் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மாதா கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தது அவர்தான். நான் படித்ததும் அவரால்தான்.

"தவக்காலத்துல இன்னா சினிமா ஒனக்கு?" என்றார். "வெள்ளிக்கெழம சிலுவைப் பாதைக்குப் போவியா, வேஷம் கட்டப் போவியா?"

"ஷூட்டிங் ஞாயித்துக்கெழம மத்தியானம்தாண்ணே. பூசைக்குப் போயிட்டுத்தான் போவேன். அம்மா கதையத்தான் எடுக்குறாங்க. கப்பல் ஆபீஸ்ல அம்மா சத்தம் போட்டாங்கல்ல, அது."

அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு ஊருக்கு? எம்மவனுக்கு சம்பந்தி வீட்ல பாப்பாங்க. மூட்ட தூக்குன குடும்பம்னு போர்டு மாட்டணுமா? வேணாம். சொன்னா கேளு."

நான் கேட்கவில்லை. அண்ணன் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்குப் பழைய கஷ்டத்தைக் காட்ட வெட்கம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. அப்பா மூட்டை தூக்கியதில் என்ன வெட்கம்?

மாசி வெயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்தார்கள். அந்தக் கிடங்கின் முன்வாசல்தான் கப்பல் ஆபீஸ். போட்டோக்காரர்தான் குமாஸ்தா. வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு, வெளுத்துப்போன நூல்சேலையில் நான் நின்றேன். இந்த வயசில் கர்ப்பிணியா என்று கேட்டேன். "முகத்த கிட்ட காட்ட மாட்டேம்மா. முதுகும் குரலும்தான் எனக்கு வேணும்" என்றாள் அந்தப் பெண். எப்போது மேடம் போய் அம்மா ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

முதலில் நான் சினிமாவில் பார்த்த மாதிரி அழுது பேசினேன். அவள் வேண்டாம் என்றாள். "அழாதீங்கம்மா. அவர் பதில் சொல்லியே ஆவணும்ங்கிற மாதிரி கேளுங்க." ஏழாவது தடவை சரியாக வந்தது. எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த போட்டோக்காரர், "எம்மா, நெஜமாவே பயமா இருந்துச்சிம்மா" என்றார்.

பங்குனியில் விழா நடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம், கிடங்கு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இருட்டும் முன்பே நாற்காலி நிறைந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள், மீன் மார்க்கெட்டுப் பெண்கள், அண்ணாமலை நகரிலிருந்து வேன் பிடித்து வந்த பிள்ளைகள். கடல்காற்றில் துணி உப்பி உப்பி அமுங்கியது. முதல் இரண்டு படம் நன்றாக ஓடியது. மூன்றாவது எங்களுடையது. தலைப்பு வந்து, அலைச்சத்தம் கேட்டது. உடனே 'பட்' என்று ஒரு சத்தம். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

படத்தை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா மச்சான்?" என்றார் போட்டோக்காரர்.

"ஆம்ப்ளிஃபயர் கருகிப்போச்சி மச்சான். என்னால ஆவாது."

வேறொன்று கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜனம் எழுந்திருக்க ஆரம்பித்தது. அந்தத் திட்டக்குடிப் பெண் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அப்பா அறுவடை வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார்.

என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "நீயே பேசேன்" என்றார்.

"இன்னாது?"

"வசனம் ஒனக்கு மனப்பாடம்தான? மூணு வாரமா சமையக்கட்டுல அதானே பேசிகிட்டு இருக்க? ஒனக்கு எதுக்கு மைக்கு?"

யோசிக்க நேரம் இல்லை. நான் துணியின் ஒரு பக்கம் போய் நின்றேன். போட்டோக்காரர் இன்னொரு பக்கம். அந்தப் பெண் முதலிலிருந்து படத்தை ஓட்டினாள். அலைச்சத்தத்துக்கு ஆறும் கடலும் பக்கத்திலேயே இருந்தன. திரையில் நடந்துபோகும் என் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினேன். முதல் இரண்டு வரி உருவத்துக்கு முந்திப் போய்விட்டது, முன்வரிசையில் சிரித்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டேன். அந்த வசனம் வந்தபோது அடிவயிற்றிலிருந்து சொன்னேன்.

"மூட்ட நனைஞ்சா ஓடியாறீங்க. ஆளு காணோம்னா கதவ சாத்துறீங்களா?"

மீன் மார்க்கெட்டுப் பெண்கள் பக்கமிருந்து முதலில் கைதட்டல் வந்தது. ஒருத்தி, "கேளுக்கா, நல்லா கேளு" என்று கத்தினாள். அப்போதுதான் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். வேண்டாம் என்று தடுத்தவர் வந்திருந்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் திரும்பிக் கிடங்குக்குள் போனார்.

படம் முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். ஒருவழியாக விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்காட்சிப் படங்களை முந்தின நாள் மாட்டியபடியே விட்டிருந்தார்கள். சரக்குப் படகுகள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் அண்ணன் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கோவமாண்ணே?"

"கோவம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பேசுன." என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஆனா அப்டி நடக்கல."

"எப்டி நடக்கல?"

"அம்மா சத்தம் போடல. நான்தான் கூட போனேன்."

எனக்கு அது தெரியாது. சித்தியின் கதையில் அண்ணன் இல்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"கதவெல்லாம் சாத்தல. தொறந்துதான் இருந்துச்சி. உள்ள போனோம். அந்தாளு தலைய தூக்காம எழுதிகிட்டே இருந்தான். அம்மா ரெண்டு தபா 'ஐயா, ஐயா'ன்னு கூப்ட்டாங்க. அவன் பாக்கல. அம்மா என் கழுத்துல கைய வெச்சி, 'ஐயா கால்ல வுழுடா'ன்னாங்க. நான் வுழல."

"ஏண்ணே?"

"தெரியல. புடிக்கல. வெறச்சிகிட்டு நின்னேன். கன்னத்துல ஒண்ணு வெச்சாங்க. அப்பவும் வுழல. அப்பறம் அவங்களே..." அவர் கையால் காட்டினார், ஒரு பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிவது போல. "நீ உள்ள இருக்க. எப்டி குனிய முடியும்? தரையில ஒரு கைய ஊனி, முட்டி போட்டு, அப்பறம்தான் வுழுந்தாங்க. அதுக்கப்பறம்தான் அவன் எழுந்தான். மேசை மேல ஒரு காயிதம் இருந்துச்சி, அத எடுத்துப் படிச்சான். தந்தி. புயலுக்கு பயந்து கப்பல் ஆழத்துக்குப் போயிடுச்சி, படகு ஆளுங்கள்லாம் கப்பல்ல பத்திரமா இருக்காங்கன்னு. காலையிலயே வந்திருக்கு. அவன் மேசையிலயே கெடந்திருக்கு."

வெளியே அடுத்த படத்துக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நான் வுழுந்திருந்தா அவங்க வுழுந்திருக்க வேணாம்" என்றார் அண்ணன்.

"ஒனக்கு ஏழு வயசுண்ணே."

"ஏழு வயசுன்னா? தெரியாதா?"

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. இவ்வளவு நாள் அவருடைய வெட்கத்தை நான் வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில், வங்கி முடிந்து தினமும் சிதம்பரத்திலிருந்து வந்து அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவார். நான் தேய்க்கிறேன் என்றால் விடமாட்டார். அது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது.

மறுநாள் காலை ஊர் நடைக்கு நான் போகவில்லை. அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி சொன்ன கதை பொய் என்றால் என் வசனமும் பொய். ஊரே கைதட்டிவிட்டது. படத்தை என்ன செய்வது?

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "சித்திக்கு யார்ம்மா சொன்னாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சித்தி அப்போது கல்யாணமாகிப் பண்ருட்டியில் இருந்தாள். அவளுக்கு அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் சொல்ல முடியும்?

ஈஸ்டருக்குப் பிறகு அண்ணாமலை நகரில் அதே படத்தைக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. அந்த வசனத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்க, நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு அன்று மத்தியானம். அண்ணி எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். அண்ணன் அந்தப் பெண்ணிடம் ஊர், அப்பா, எத்தனை காணி நிலம் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவேதான் சித்தியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்றதும் அவர் முகம் மாறியது.

"அம்மாவா சொன்னாங்க?"

"வேற யாரு சொல்லியிருப்பாங்கண்ணே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் மொணுமொணுன்னு எதையோ சொல்லிகிட்டே வந்தாங்க. என்னைத் திட்டுறாங்கன்னு நெனச்சேன். இதான் போலருக்கு. அங்க கேக்க முடியாதத வழியில கேட்டிருக்காங்க." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "எடுக்காத பாப்பா. அது இருக்கட்டும். அவங்க கேக்கணும்னு நெனச்சத இவ கேட்டுட்டா. வேணும்னா நான் பாத்ததையும் கூட சேத்துக்க" என்றார்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "நீங்களே சொல்றீங்களா சார்? முகம் வேணாம். குரல் மட்டும்."

சம்பந்தி வீடு, பங்குப் பேரவை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணிக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும். அவள் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினாள். தெருப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. அண்ணன் ஒரே மூச்சில், தடுமாறாமல், மூன்று நிமிடம் பேசினார். முடித்ததும், "ஃபேன போடு" என்றார்.

அண்ணாமலை நகரில் அரங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. இந்தத் தடவை சத்தம் ஒழுங்காக வந்தது. என் வசனத்துக்குக் கைதட்டினார்கள். பிறகு திரை கறுப்பாகி, அண்ணன் குரல் மட்டும் வந்தது. அது முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய மாமனாரும் மாமியாரும்கூட வந்திருந்தார்கள். அண்ணன்தான் கூப்பிட்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, "சார், அந்த குமாஸ்தா மேல இன்னமும் கோவம் இருக்கா?" என்றான்.

அண்ணன் எழுந்து நின்றார். "அந்தாளு மொகமே ஞாபகம் இல்ல தம்பி. அவன் கால்ல போட்டிருந்த செருப்புதான் ஞாபகம் இருக்கு. ஒரு வாரு அறுந்து, ஊக்கு குத்தியிருந்துச்சி. அவனும் பெரிய ஆளு ஒண்ணும் கெடயாது. இப்ப நெனச்சா கோவம் வர்ல. ஆனா அந்தத் தந்திய அவன் காலையிலயே படிச்சி சொல்லியிருக்கலாம்."

சம்பந்தியம்மா வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா பரங்கிப்பேட்டையில் உப்பளத்தில் வேலை பார்த்தவராம். இவ்வளவு நாள் சொன்னதில்லை. "நாங்களும் சொல்லிகிட்டது இல்லீங்க" என்றார்.

சாயங்கால ரயிலுக்கு அண்ணன் என்னைக் கொண்டுவிட வந்தார். வழக்கமாக ஸ்டேஷன் வாசலோடு திரும்பிவிடுவார். அன்றைக்குப் பிளாட்பாரம் வரை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது.

"அப்பா அஞ்சாம் நாளு வந்தாரு, தெரியுமா?" என்றார். "நாங்க இங்க செத்துப் பொழைச்சி கெடக்குறோம். அவரு கொஞ்சம் ஊதிப்போயி வர்றாரு. கப்பல்ல வேளாவேளைக்கு சோறு, கறி, டின்னு பிஸ்கோத்து. சீட்டாட்டம் வேற. கையில ஒரு பிஸ்கோத்து டப்பா. சிரிச்சிகிட்டே உள்ள வந்தாரு."

"அம்மா இன்னா பண்ணாங்க?"

"டப்பாவ வாங்கி எங்கிட்ட குடுத்தாங்க. அப்பறம் அவருகிட்ட நாலு நாளு பேசவே இல்ல. அவருக்கு ஏன்னே புரியல பாவம். வர்றவன் போறவன்கிட்டல்லாம், 'நான் இன்னாடா பண்ணேன், புயலு அடிச்சா நானா பொறுப்பு'ன்னு கேட்டுகிட்டு இருந்தாரு."

சொல்லும்போதே அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். "பேசாம இருந்த நாலாவது நாளு நீ பொறந்துட்ட. அப்பறம் எங்க பேசாம இருக்கறது?" என்றார்.

ரயில் வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. அண்ணன் வெளியே நின்றபடி, அந்தத் திட்டக்குடிப் பெண்ணின் நம்பரை அனுப்பச் சொன்னார். அப்பா கப்பலில் இருந்த கதையையும் அவளிடம் சொல்ல வேண்டுமாம். வண்டி நகர்ந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.